செயற்கைப் புல்லில் கால்பந்து: பூட் தேர்வும் முழங்கால் பாதுகாப்பும் – முழுமையான வழிகாட்டி

பூட் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "கிரிப் நல்லா இருக்குமா?" என்றுதான். செயற்கைப் புல்லில் ஆடுபவர் கேட்க வேண்டியது வேறு: காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போது பூட்டின் அடியிலுள்ள ஸ்டட், அதாவது முளை, தரையை விடுமா?

இயற்கைப் புல்லில் வேகமாகத் திரும்பினால் ஸ்டட்டோடு சேர்ந்து கொஞ்சம் மண்ணும் வேரும் பெயர்ந்து வரும். திருகும் விசையில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடும். செயற்கைப் புல்லின் இழைகள் அடித்துணியில் தைத்து, பின்பக்கம் பசை பூசி இறுக்கப்பட்டவை. அவை பெயராது. தரை விட்டுக்கொடுக்காத இடத்தில் பூட் விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவும் கொடுக்காவிட்டால் திருகல் முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறும்.

இது பழைய சங்கதி. 1971இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பள்ளி மாணவர்களை வைத்து வெளியான ஆய்வில், முக்கால் அங்குல நீளமுள்ள ஏழு கிளீட் (ஸ்டட்டுக்கு அமெரிக்கப் பெயர்) கொண்ட பூட்டுகளுக்குப் பதில், அதில் பாதி நீளமுள்ள ஸ்டட்டுகள் நிறைய கொண்ட சாக்கர் (நம்மூர்க் கால்பந்து) வகை பூட்டுகளைக் கொடுத்தபோது முழங்கால் காயங்கள் எண்ணிக்கையிலும் கடுமையிலும் குறைந்தன. 1996இல் 3,119 பள்ளி வீரர்களை மூன்று பருவங்கள் கவனித்த இன்னொரு ஆய்வில், அடிப்பாகத்தின் ஓரம் நெடுக நீண்ட கிளீட்டுகள் வைத்த பூட்டுகள் திருகலை அதிகம் எதிர்த்தன. அவற்றைப் போட்டவர்களுக்குத்தான் முழங்காலின் ஏசிஎல் தசைநார் அதிகம் அறுந்தது. இரண்டும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் நடந்தவை. ஆட்டம் வேறானாலும் முழங்கால் ஒன்றே என்பதால் பாடம் நமக்கும் பொருந்தும்: ஸ்டட் குட்டையாக, நிறைய, பரவலாக இருக்கட்டும்.

முழங்கால் எந்தத் தருணத்தில் போகிறது?

ஏசிஎல் காயங்களில் பெரும்பாலானவை யாரும் முழங்காலில் நேரடியாக மோதாமலே நடக்கின்றன. எதிராளியை அழுத்தப் போய்ச் சட்டென்று நிற்பது, ஒரு பக்கம் போக்குக் காட்டி மறுபக்கம் வெட்டுவது, ஹெட்டர் அடித்து ஒற்றைக் காலில் இறங்குவது, ஓங்கி உதைத்த பின் தடுமாறிக் காலை ஊன்றுவது – இந்த நாலும்தான் திரும்பத் திரும்ப வரும். நாலிலும் உடலின் நிலை ஒரே மாதிரி இருக்கும். பாதம் உடம்பிலிருந்து தள்ளி ஊன்றியிருக்கும், முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கும், அது உள்பக்கமாகச் சாயும், மேலே உடம்பு திரும்பும். தசைநார் அறுவது பாதம் தரையைத் தொட்ட முதல் 50 மில்லிவினாடிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. யோசித்துக் காலைத் திருத்திக்கொள்ள அவகாசமே இல்லை. எனவே காப்பு இரண்டு இடத்தில்தான் இருக்க முடியும்: முன்கூட்டியே தேர்ந்தெடுத்த பூட்டில், முன்கூட்டியே பழக்கிய உடம்பில்.

படி 1: முதலில் தரையைப் பாருங்கள்

பூட்டைப் பற்றி யோசிக்கும் முன், நீங்கள் அதிகம் ஆடும் மைதானத்துக்கு மெல்லிய இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். "செயற்கைப் புல்" என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று விதத் தரைகள் உண்டு.

முதல் தலைமுறை என்பது 1966இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் விரித்துப் புகழ்பெற்ற வகை. குட்டையான, அடர்ந்த நைலான் இழை. உள்ளே நிரப்பு எதுவும் இல்லை. கிட்டத்தட்ட கம்பளம்தான். இன்று கால்பந்துக்கு அரிது என்றாலும் பழைய கூடங்களிலும் கூரை மைதானங்களிலும் கண்ணில் படும். இரண்டாம் வகையில் இழை 20 முதல் 25 மி.மீ.; இடையில் மணல் மட்டும் நிரப்பியிருக்கும். பல விளையாட்டுகளுக்குப் பொதுவாகப் போட்ட மைதானங்கள் பெரும்பாலும் இவை. மூன்றாம் தலைமுறை, அதாவது "3ஜி" என்று பலகையில் எழுதுவது, 40 முதல் 60 மி.மீ. நீளப் பாலிஎத்திலீன் இழை கொண்டது. அடியில் மணல், அதன்மேல் ரப்பர் துகள், துகளுக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் இழை சுமார் 15 முதல் 20 மி.மீ. பெரிய போட்டிகள் நடப்பது இதில்தான். 2015இல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பை முழுவதும் செயற்கைப் புல்லில் ஆடப்பட்டது.

இனி அளவெடுங்கள். ஸ்கேலைச் செங்குத்தாக, கெட்டியான அடித்துணி தட்டுப்படும் வரை இறக்குங்கள். துகளின் மேல்மட்டம் எத்தனை மி.மீ. காட்டுகிறது, அதற்கு மேல் இழை எத்தனை மி.மீ. நிற்கிறது என்று பாருங்கள். இதை ஒரே இடத்தில் செய்து பயனில்லை. கோல் வாய், பெனால்டி புள்ளி, நடுவட்டம், பக்கவாட்டு ஓரம், கார்னர் ஆகிய ஐந்து இடங்களிலாவது பாருங்கள். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கோல் வாயிலும் பெனால்டி புள்ளியிலும் துகள் உதைபட்டு வெளியேறியிருக்கும்; ஓரங்களில் அது குவிந்து கிடக்கும். இடத்துக்கு இடம் 10 மி.மீ. வித்தியாசம் கண்டால் அந்த மைதானம் ஒரே தரையாக நடந்துகொள்ளாது. ஓரத்தில் வழுக்கிய அதே பூட் பெனால்டி பெட்டிக்குள் கவ்விப் பிடிக்கும்.

அடுத்து உள்ளங்கையால் ஓங்கி அழுத்துங்கள். துகள் நெகிழ்ந்து கொடுத்தால் பராமரிப்பு உண்டு. சிமென்ட் போல இறுகிக் கிடந்தால், இழைகளும் ஒரே பக்கம் படுத்துப் பளபளத்தால், அது பெயருக்குத்தான் 3ஜி. அங்கே நீள ஸ்டட் உள்ளே இறங்காது. ஆடுபவர் ஸ்டட் முனைகளின் மேல் குதிகால் செருப்புப் போட்டவரைப் போலத் தள்ளாடுவார்.

ஃபிஃபா தரச்சான்றுக்கு மைதானத்தைச் சோதிக்கும்போது, ஸ்டட் பொருத்திய வட்டத் தட்டை எடை வைத்துத் தரையில் பதித்து, அதைத் திருப்ப எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பார்கள். 'குவாலிட்டி புரோ' தரத்துக்கு அந்த அளவு 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்க வேண்டும். அளவுக்கு மேல்வரம்பும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். பிடி குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் மைதானம் தோற்கும். மைதான நிர்வாகத்திடம் கடைசியாக எப்போது சோதித்தார்கள், எப்போது துகள் சேர்த்துப் பிரஷ் போட்டார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோடை நண்பகலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உள்ளங்கால் எரிவது ஒருபுறம். சூட்டில் ரப்பர் ஸ்டட் இளகித் தரையை இன்னும் இறுகப் பிடிக்கும். காலையில் இதமாக இருந்த பூட் மதியம் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு காரணம். மழையில் இது தலைகீழ்: இழை நனைந்தால் பிடி குறையும்.

படி 2: அடிப்பாகத்தைப் படியுங்கள்

பெட்டியில் மாடல் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து ஒன்று இருக்கும். வாங்குவது அந்த இரண்டெழுத்தைத்தான். மற்றதெல்லாம் நிறமும் விளம்பரமும்.

எஃப்ஜி: உறுதியான இயற்கைப் புல்லுக்கானது. பொதுவாக 10 முதல் 13 வரை ஸ்டட்டுகள், ஓரளவு நீளமானவை. பலவற்றில் தட்டையான பிளேடு வடிவம்.

எஸ்ஜி: ஈரமான, இளகிய மண்ணுக்கானது. கழற்றி மாட்டும் உலோக ஸ்டட்டுகள். செயற்கைப் புல்லில் இதற்கு இடமே இல்லை. இழையை அறுக்கும் என்பதால் பெரும்பாலான மைதானங்கள் உள்ளேயே விடாது.

ஏஜி: நீள இழைச் செயற்கைப் புல்லுக்கானது. ஸ்டட் எண்ணிக்கை அதிகம், பல மாடல்களில் 20ஐ ஒட்டி இருக்கும். குட்டையானவை, பெரும்பாலும் வட்டமானவை, சிலவற்றில் நடுவே குழிந்தவை. பாதம் முழுக்கப் பரவியிருப்பதால் அழுத்தமும் பரவும்.

டிஎஃப்: டர்ஃப் ஷூ. சில மி.மீ. உயரமுள்ள சின்னச் சின்ன ரப்பர் முளைகள் அடி முழுவதும் இருக்கும். மேலே ஃபோம் மெத்தை. பூமா இதையே டிடி என்றும், மிசுனோ ஏஎஸ் என்றும் குறிக்கின்றன.

ஐசி அல்லது ஐஎன்: உள்ளரங்கத் தட்டைத் தரைக்கானது.

குழப்பம் வருவது எம்ஜி, எஃப்ஜி/ஏஜி போன்ற கலப்புப் பெயர்களில். இயற்கைப் புல், செயற்கைப் புல் இரண்டுக்கும் ஆகும் என்று அச்சிட்டிருப்பார்கள். சில உண்மையிலேயே ஸ்டட்டைக் குட்டையாக்கி வட்டமாக்கியவை. வேறு சில, எஃப்ஜி தட்டையே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் நீட்டியவை. எனவே எழுத்தை நம்பாமல் பூட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்.

முன்பாதத்தில் பெருவிரல் எலும்பு மேட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி. கால் திரும்புவது அந்த அச்சில்தான். அங்கே வட்ட ஸ்டட்டுகள் ஓரளவு வட்டமாகவே அமைந்திருந்தால் அவை இழைக்குள் சுழன்று வெளியேறும். நீண்ட பிளேடு இருந்தால், அதன் தட்டைப் பக்கம் முழுவதும் இழையில் மோதி நிற்கும். 2023இல் நைக்கி பெண்களை மனதில் வைத்து வெளியிட்ட ஃபாண்டம் லூனா பூட்டில் முன்பாத ஸ்டட்டுகளை வட்டப் பாதையில் அமைத்தது இந்தக் காரணத்துக்காகவே.

இரண்டாவது, குதிகால். அங்கே நான்கு குட்டை ஸ்டட்டுகள் இருந்தால் நல்லது. இரண்டு பெரிய பிளேடுகள் இருந்தால் சட்டென்று நிற்கும்போது குதிகால் தரையில் பூட்டிக்கொள்ளும். பாதம் நகராமல் கீழ்க்கால் மட்டும் முன்னே தள்ளப்படும்.

மூன்றாவது, நீளம். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். முன்பாத ஸ்டட் நீங்கள் படி 1இல் கண்ட வெளி இழை நீளத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வெளி இழை 15 மி.மீ. என்றால் 8 முதல் 10 மி.மீ. ஸ்டட் நன்றாக உட்காரும். 13 மி.மீ.க்கு மேல் போனால் துகளுக்குள் ஆழமாகக் குத்தி நங்கூரமிடும்.

எஃப்ஜி பூட்டைச் செயற்கைப் புல்லில் போட்டால் இன்னொரு சங்கடமும் உண்டு. எடை பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் மட்டும் இறங்குவதால், கடினத் தரையில் ஒவ்வொரு ஸ்டட்டும் உள்ளங்காலைக் குத்தும். தட்டும் இதற்கென வடிவமைக்கப்படாததால் ஸ்டட் அடிவாரத்தில் விரிசல் விடும். இப்படி உடைந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல நிறுவனங்கள் முன்பே சொல்லிவிடுகின்றன.

படி 3: தரைக்கும் ஆளுக்கும் ஏற்ற முடிவு

துகள் நெகிழ்ந்து கொடுக்கும், இழை நிமிர்ந்து நிற்கும் 3ஜி என்றால் ஏஜி. துகள் இறுகிய பழைய 3ஜி, மணல் மட்டும் நிரப்பிய குட்டைப் புல் இரண்டுக்கும் டிஎஃப். நிரப்பே இல்லாத கம்பளத் தரைக்கு டிஎஃப் அல்லது ஐசி.

ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும், மைதானமோ வாரத்துக்கு ஒன்று மாறும் என்றால் டிஎஃப் வாங்குங்கள். நல்ல 3ஜியில் அது முழுவேகத்தில் சற்று வழுக்கும். அரைச் சதுர அடி இடத்தில் ஆளை ஏமாற்றும் விங்கருக்கு அது எரிச்சலாகவே இருக்கும். ஆனாலும் வழுக்கலில் போவது பந்து. கவ்வலில் போவது முழங்கால். மழை நாளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். நனைந்த 3ஜியில் தேய்ந்த டிஎஃப் போட்டு ஓடினால் கால் விரிந்து தொடை இடுக்குத் தசை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஏஜி, இல்லையேல் முளை தேயாத டிஎஃப்.

முன்பே முழங்காலில் காயம் பட்டவர்கள், உடல் எடை கூடியவர்கள், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஆடும் நடுவயதுக்காரர்கள் – இவர்களுக்கு ஏஜியைவிட டிஎஃப்பையே பரிந்துரைக்கிறோம். பெண்களுக்கு ஏசிஎல் காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். போதாததற்குப் பெரும்பாலான பூட்டுகள் ஆண்களின் பாத அச்சில் வார்க்கப்பட்டவை. குதிகால் தளர்வாக இருக்கும். அதே நீளத்தில் குறுகிய குதிகால் கொண்ட மாடலைத் தேடிப் போடுங்கள். வளரும் பிள்ளைகள் ஆடி முடித்ததும் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பெரும்பாலும் அது வளர்ச்சித் தட்டின் (எலும்பு வளரும் இடத்தின்) வலி. மெத்தையுள்ள டிஎஃப் அவர்களுக்கு நிம்மதி தரும். அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

எஃப்ஜி தவிர வேறு எதுவும் கையில் இல்லை, ஆட்டமோ இன்று மாலை என்றால்? சாதாரண ஓட்ட ஷூவோடு மெதுவாக ஆடுங்கள், அல்லது வட்ட ஸ்டட் வைத்த எஃப்ஜி என்றால் போட்டுக்கொண்டு கூர்மையான வெட்டுகளைத் தவிருங்கள். பிளேடு என்றால் வெளியே உட்காருவதே மேல்.

படி 4: பாத அளவு

பாதம் மாலையில் சற்று வீங்கும்; அளவை மாலையில் எடுங்கள். ஆட்டத்துக்குப் போடும் அதே காலுறையோடு, குதிகாலைச் சுவரில் ஒட்டி ஒரு தாளின்மேல் நின்று, மிக நீளமான விரலின் நுனியைக் குறியுங்கள். சிலருக்கு அது இரண்டாம் விரல். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யுகே, யுஎஸ், இயூ எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பூட் நாக்கின் உள்பக்க லேபிளில் சென்டிமீட்டர் எண்ணும் இருக்கும். ஒப்பிட அதுவே வசதி. பிறகு உள்ளே இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். விரல் நுனிக்கு முன்னால் 5 முதல் 8 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சுண்டுவிரல் இன்சோலை விட்டு வழியக் கூடாது. பூட்டின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் வழக்கம் கெட்டியான முனைகளில் ஏமாற்றும், இன்சோல் ஏமாற்றாது.

அளவு பெரிதானால் பூட் தரையில் நின்ற பிறகும் உள்ளே பாதம் ஓடும். வெட்டும்போது அந்தச் சிறு நகர்வில் கால் நிலை தவறும், கொப்புளமும் வரும். சிறிதானால் நகம் கறுக்கும்.

இப்போது குதிகாலையும் முனையையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் மேட்டில் மடங்க வேண்டும். நடுவளைவில் மடங்கினால் திருப்பி வைத்துவிடுங்கள். துணி மாதிரி இரண்டாக மடங்கும் பூட்டும் ஆகாது. 1970களில் செயற்கைத் தரையும் இளகிய அடிப்பாகமும் சேர்ந்து பெருவிரல் மூட்டைப் பின்னுக்கு முறித்த காயங்கள் பெருகியே "டர்ஃப் டோ" என்ற பெயர் பிறந்தது. கடைசியாகத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். நடுப்பகுதி எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது.

கணுக்கால் வரை ஏறும் பின்னல் காலர் இருக்கிறதே, அது காப்பு என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். துகள் உள்ளே புகாமல் தடுக்கும், அவ்வளவுதான். முழங்காலில் மாட்டும் நியோப்ரீன் உறையும் அப்படியே. கதகதப்புத் தரும், திருகலைத் தடுக்காது.

படி 5: மைதானத்தில் சோதனை

புதிய பூட்டை முதல்முறையாக ஆட்டத்தில் இறக்காதீர்கள். முதலில் பத்து நிமிடம் நடை, மெதுவோட்டம். உள்ளங்காலில் ஸ்டட் எங்கே அழுத்துகிறது என்று கவனியுங்கள். ஒரே புள்ளியில் சூடாக உறுத்தினால் அது ஆடஆடச் சரியாகும் வகை இல்லை.

பிறகு திருப்பச் சோதனை. ஒற்றைக் காலில் நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை லேசாகத் தூக்கி, முன்பாதத்தில் மெல்ல இடமும் வலமும் திரும்புங்கள். வேகம் வேண்டாம், மறுகாலின் விரல் நுனி தரையைத் தொட்டபடி இருக்கட்டும். பாதமும் முழங்காலும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பினால் பூட் விடுகிறது. பாதம் நின்றுவிட, முழங்காலில் மட்டும் முறுக்கு உணர்ந்தால் அந்த அடிப்பாகம் அந்தத் தரைக்கு ஆகாது. பழைய பூட்டையும் கொண்டுபோய் மாற்றி மாற்றிச் செய்தால் வித்தியாசம் உடனே புரியும்.

அடுத்து அரைவேகத்தில் 45 டிகிரி வெட்டுகள், பக்கத்துக்கு ஐந்து. பிறகு முக்கால் வேகத்தில் ஐந்து. முதல் இரண்டு மூன்று தடவை 20 முதல் 30 நிமிடம் மட்டும் போட்டுவிட்டுப் பழையதுக்கு மாறிக்கொள்ளுங்கள். புது ஸ்டட்டின் விளிம்பு கூர்மையாக இருப்பதால் ஆரம்பத்தில் பிடி கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இயற்கைப் புல்லிலிருந்து செயற்கைக்கு மாறுபவர்கள் முதல் இரண்டு வாரம் ஆடும் நேரத்தைப் பாதியாக்குவது கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் நல்லது.

படி 6: பராமரிப்பு, கழிப்பது எப்போது

ஆடி முடித்ததும் இன்சோலை உருவித் துகளைத் தட்டுங்கள். நனைந்தால் உள்ளே காகிதம் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலும் ஹீட்டரிலும் பசை விட்டுப்போகும்.

மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். உள்ஓர ஸ்டட் ஒரு உயரம், வெளிஓரம் வேறு உயரம் என்று தேய்ந்திருந்தால் பாதம் சாய்ந்தே ஊன்றுகிறது. முழங்காலும் அதே பக்கம் சாயும். டிஎஃப்பில் முன்பாத முளைகள் பாதிக்குக் கீழே தேய்ந்தாலும், பக்கவாட்டு ஃபோமில் மடிப்புக் கோடுகள் நிரந்தரமாக விழுந்தாலும் கழித்துவிடுங்கள். ஏஜியில் ஒரே ஒரு ஸ்டட் உடைந்தாலும் அதே தீர்ப்பு. எடை ஒருபக்கம் சரியும்.

படி 7: உடம்பைப் பழக்குவது

எந்த பூட்டும் முழங்காலுக்கு முழுக் காப்பு அல்ல. ஆய்வுகளில் இதைவிட உறுதியான பலன் காட்டியது வார்ம்-அப்தான். ஃபிஃபா 2006இல் வெளியிட்ட '11+' திட்டத்தில் 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். நார்வேயில் பதின்வயதுப் பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான சோதனையில் இதைச் செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். ஆட்ட நாளில் மட்டும் செய்வோருக்குப் பலன் மெலியும்.

முதல் 8 நிமிடம் மெதுவோட்டம்: நேராக, இடுப்பை வெளியே திறந்து, உள்ளே மூடி, கூட்டாளியைச் சுற்றி, தோளோடு தோள் மோதி, முன்னும் பின்னுமாக. அடுத்த 10 நிமிடம்தான் உயிர்நாடி. முன்கைகளில் ஊன்றிப் பலகை போல நிற்பது 20–30 வினாடி, மூன்று முறை. பக்கவாட்டில் அதுவே, பக்கத்துக்கு மூன்று முறை. பிறகு நார்டிக்: மண்டியிட்டு, கூட்டாளி கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, தலையிலிருந்து முழங்கால் வரை நேராக வைத்து மெல்ல முன்னே சாய்வது. தொடக்கத்தில் 3 முதல் 5 தடவை போதும். அதற்கே மறுநாள் பின்தொடை பிடித்துக்கொள்ளும். பின்தொடைத் தசைதான் கீழ்க்கால் முன்னே தள்ளப்படுவதைத் தடுத்து ஏசிஎல்லின் சுமையைக் குறைக்கிறது. அப்புறம் ஒற்றைக் காலில் பந்தோடு சமநிலை 30 வினாடி, காலுக்கு இருமுறை; குந்தி எழுவது 30 வினாடி இருமுறை; செங்குத்துத் தாவல் 30 வினாடி இருமுறை. கடைசி 2 நிமிடம் வேகவோட்டமும் ஊன்றி வெட்டுவதும்.

இதில் எல்லோரும் கோட்டைவிடுவது தாவி இறங்கும் இடம். செல்போனில் முன்னாலிருந்து படம் பிடித்துப் பாருங்கள். இறங்கும் நொடியில் முழங்கால்கள் ஒன்றையொன்று நெருங்கினால், எண்ணிக்கையைக் குறைத்து முதலில் அதைத் திருத்துங்கள். முழங்கால் இரண்டாம் விரலின் நேர்மேலே நிற்க வேண்டும். முன்பாதம் முதலில் தொட்டு, இடுப்பும் முழங்காலும் சேர்ந்து மடங்கி, சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

ஆட்டத்தில் நிறுத்தும் முறையையும் மாற்றுங்கள். ஒரே நீண்ட அடியில் பிரேக் போடுவதை விட்டு, மூன்று நான்கு குட்டை அடிகளில் வேகத்தைக் குறைத்து, கடைசி அடியைப் போடும்போது பாதம் இடுப்புக்குக் கீழேயே இருக்கும்படி பாருங்கள். திரும்பும்போது பாத விரல்கள் போக வேண்டிய திசையை முதலில் பார்க்கட்டும். ஊன்றிய பாதத்தின் மேல் உடம்பை முறுக்கிக்கொண்டு போகாதீர்கள்.

படி 8: முழங்கால் போய்விட்டது என்று தோன்றினால்

உள்ளே 'டப்' என்று ஏதோ விட்ட உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் புடைத்த வீக்கம், எழுந்து நடந்தால் முழங்கால் நழுவும் உணர்வு – மூன்றும் சேர்ந்தால் ஏசிஎல் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். வீக்கம் மறுநாள் மெல்ல வந்து, நீட்டவோ மடக்கவோ முடியாமல் மாட்டிக்கொண்டால் மெனிஸ்கஸ் குருத்தெலும்பைச் சந்தேகியுங்கள். நிச்சயம் செய்வது மருத்துவர் வேலை.

"வலி குறைஞ்சிடுச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று மீண்டும் இறங்குவதுதான் பெரிய தவறு. ஏசிஎல் அறுந்த சில நிமிடங்களில் வலி தணிவது சகஜம். அந்த நிலையில் அடுத்த வெட்டில் மெனிஸ்கஸும் கிழியும். உட்காருங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15–20 நிமிடம் வையுங்கள், எலாஸ்டிக் பட்டை கட்டுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, 90 டிகிரி மடக்க முடியவில்லை, முழங்கால் சில்லிலோ அதற்கு வெளிப்பக்கம் கீழேயுள்ள எலும்பு முனையிலோ தொட்டால் வலி, வயது 55 அல்லது அதற்கு மேல் – இவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே தேவை. பாதம் மரத்தாலோ குளிர்ந்து வெளுத்தாலோ உடனே அவசரப் பிரிவு. எக்ஸ்-ரே எலும்பைத்தான் காட்டும். அது சுத்தமாக இருப்பதால் தசைநாரும் சரி என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மூட்டு மருத்துவர் கையால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையும் எம்ஆர்ஐயும்தான் அதைச் சொல்லும்.

அறுவை சிகிச்சை செய்தவர்கள் 9 மாதத்துக்கு முன்பே ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி அறும் ஆபத்து கணிசமாகக் கூடுகிறது. நாள் கணக்கோடு, காயம்பட்ட காலின் தொடைத் தசை வலிமையும் ஒற்றைக்கால் தாவல் தூரமும் மறுகாலின் 90 சதவீதத்தையாவது எட்டியிருக்க வேண்டும். செயற்கைப் புல்லுக்குத் திரும்பும்போது ஏஜியை அலமாரியிலேயே விட்டுவிட்டு, டிஎஃப் போட்டு நேரோட்டத்தில் தொடங்குங்கள். பிறகு முன்கூட்டித் தெரிந்த வெட்டுகள், அதன்பின் பந்தோடு வெட்டுகள். எதிராளி வந்து மோதும் ஒன்றுக்கு ஒன்று ஆட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில்.